வெண்கலத் தூள்

தெருமுனையில் வண்டி திரும்பும்போதே குவைதருக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. திரிகையில் கோதுமையோடு மணலும் விழுந்துவிட்டால் ஒரு அரைப்பு கேட்குமே, அதே அரைப்பு. வேறொரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன், ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டான். நானூற்று நாலு. தியாரெத் ஊரில் அந்தப் பழைய பிரெஞ்சு வண்டி முப்பது நாற்பதாவது இன்னும் ஓடுகிறது. ஆனால் ஊரே பார்க்கட்டும் என்று இந்தத் தெருவுக்குள் இவ்வளவு மெதுவாக ஓட்டி வருகிறவர் ஒருத்தர்தான்.

ஹாஜி பெல்கெய்ர். தெருக்கோடியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருப்பவர். குவைதரின் பட்டறை இருக்கும் கட்டடமும் அவருடையதுதான். இரண்டு வருஷமாகக் குவைதரை அங்கிருந்து கிளப்ப அவர் போடாத குட்டிக்கரணம் இல்லை. மருமகன் அங்கே செல்போன் கடை வைக்க வேண்டுமாம்.

பச்சை வண்டி பட்டறை வாசலில் நின்றது. ஹாஜி இறங்கினார். உள்ளே வரவில்லை. எதிரே காபிக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முகம் தெரிகிற மாதிரி நடுத்தெருவில் நின்றுகொண்டு, கம்பளி அங்கியின் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினார்.

"குவைதர்! வெளிய வாடா, திருட்டுப் பயலே!"

காபிக்கடையில் டொமினோ காய்கள் நின்றன. குவைதர் வண்டிக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். ஐம்பத்திரண்டு வயசு. தலை நரைத்துவிட்டது, கோபம் மட்டும் இன்னும் கன்றுக்குட்டி.

"யாரு ஹாஜி திருடன்?"

"நீதான். டிசம்பர்ல பின்னச்சுக்கு, பின் சக்கர அச்சுக்கு, எண்ணெய் மாத்தச் சொல்லி வண்டியை விட்டேன். என் கடையிலேர்ந்து என் கையால ரெண்டு பாட்டில் சுத்தமான விளக்கெண்ணெய் கொடுத்தனா இல்லையா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"கொடுத்தீங்க."

"அதை வித்துத் தின்னுட்டு, ஏதோ லாரியிலேர்ந்து வடிச்ச சாக்கடையை என் வண்டிக்குள்ள ஊத்தியிருக்கே. போன வியாழன் கல்யாண ஊர்வலத்துல மணப்பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வந்தா!"

"மாமியார் பேச்சுக்கு இப்பவே பழகிக்கட்டும் ஹாஜி!" என்றது காபிக்கடையிலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை.

"சிரிங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இதே இடத்துல ஃபாத்திஹா ஓதினது மறந்து போச்சா? இவன் வாய் என்ன சொல்லிச்சு?"

யாருக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு ஹாஜி காலி செய்யச் சொல்ல, குவைதர் முடியாதென்று சொல்ல, தெருவின் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்தார்கள். பேச்சு முற்றும்போது குவைதர்தான் எழுந்து மார்பைத் தட்டினான். "என் கை எவன் வண்டியையாவது கெடுத்துதுன்னு காட்டுங்க. அன்னிக்கே சாவியை வீசிட்டுப் போறேன். அதுவரைக்கும் எவனும் என்னை அசைக்க முடியாது." பெரியவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து ஃபாத்திஹா ஓதி முகத்தில் தடவிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த வார்த்தையை மாற்றுவதற்கு எந்தக் கொம்பனாலும் முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"காட்டு," என்றான் குவைதர். மரியாதை அதோடு போனது. "உன் வண்டியில என் கை என்ன கெடுத்துதுன்னு காட்டு."

"நான் எதுக்குக் காட்டணும்? உன் கையாலயே திறந்து காட்டு. பூசியான் பார்க்கட்டும்."

பூசியான் காபிக்கடை மூலையில் உட்கார்ந்து, உதட்டுக்கடியில் புகையிலைத் தூளை அடக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பாலைவனத்துக்கு லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஹாஜிக்கும் சொந்தமில்லை, குவைதருக்கும் நண்பரில்லை. இரண்டு பேரையுமே அவருக்குப் பிடிக்காது என்பதால் இரண்டு பேருக்குமே அவர் மேல் நம்பிக்கை. அவர் எழுந்து வந்து, புகையிலையைத் துப்பிவிட்டு, "முதல்ல ஓட்டிப் பாப்போம். சத்தம் கேட்டவுடனே தூக்குல போடறதுக்கு நான் என்ன நம்மளை ஆண்ட பிரெஞ்சுக்காரனா?" என்றார்.

குவைதர் ஓட்டினான். பூசியான் பக்கத்தில். சத்தம் பெரிதாய்க் கேட்கும் பின் இருக்கையில் ஹாஜி.

ஊரைத் தாண்டி மேட்டுச் சாலையில் ஏறும்போது குவைதரின் மனசில் ஒரே வேண்டுதல்தான். யா ரப்பி, இது சக்கர பேரிங்காக இருக்கட்டும். பேரிங் தானாகத் தேய்கிற சாமான். அதை அவன் தொட்டதேயில்லை. பேரிங் என்றால் பட்டறை தப்பும். இல்லையென்றால் பிரேக் டிரம்முக்குள் ஒரு கல். கல் யார் கையாலும் விழலாம். பின்னச்சு மட்டும் வேண்டாம்.

வண்டியை இடமும் வலமும் ஒடித்தான். பேரிங் கெட்டிருந்தால் பாரம் சாய்கிற பக்கம் கத்தும். சத்தம் மாறவேயில்லை.

"மெதுவா ஒடிடா! பின்னாடி மனுஷன் உக்காந்திருக்கேன்."

"ரெண்டு சத்தம் வருது ஹாஜி. எது வண்டி, எது நீயின்னு பிரிச்சுப் பாக்கறேன்."

பூசியான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசை ஆடியது.

குவைதர் பிரேக்கை மிதித்தான். சத்தம் மாறவில்லை. கல் இல்லை. சரிவில் கியரை எடுத்துவிட்டு உருளவிட்டான். சத்தம் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. எஞ்சின் இல்லை. கியரில் போட்டு மறுபடி மிதித்தான். கனத்தது. காலை எடுத்தான். வேறொரு குரலில் முனகியது. மிதித்தால் ஒரு குரல், விட்டால் ஒரு குரல். இப்படி இரட்டை நாக்கோடு பேசுவது வண்டியில் ஒன்றே ஒன்றுதான்.

"என்ன?" என்றார் பூசியான்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முப்பது வருஷம் லாரியின் சத்தத்தைக் கேட்டே உயிர் பிழைத்தவர்.

"அச்சு," என்றான்.

"அல்லாஹு அக்பர்!" என்று பின்னாலிருந்து ஹாஜி இரண்டு தொடையையும் தட்டினார். "அவன் வாயாலயே வந்துடுச்சு!"

பட்டறைக்குத் திரும்பியதும் வண்டியை உள்ளே ஏற்றி, பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தினான். வாசலில் காபிக்கடை முழுவதும் வந்து நின்றது. தேநீர்க் கோப்பைகளோடு வந்தவர்களும் உண்டு. சந்தேகத்துக்கு இடம் இருக்கக்கூடாதென்று சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிக் காட்டினான். வழுக்கிக்கொண்டு சுற்றின. டிரம்மைக் கழற்றிக் காட்டினான். சுத்தம். பிறகு அச்சுக்கு அடியில் ஒரு தட்டை வைத்து வடிகால் மூடியைத் திருகினான்.

கறுத்த எண்ணெய் வந்தது. பூசியான் டார்ச்சை அடித்தார். தட்டில் எண்ணெய்க்குள்ளே ஏதோ மின்னியது. குவைதர் விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தான். விரல் நுனி முழுக்கத் தங்கமாய் இருந்தது.

"வெண்கலம்," என்றார் பூசியான்.

அந்த ஒரு வார்த்தைக்கு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானூற்று நாலு வண்டியைப் பற்றித் தெரிந்தவனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னச்சுக்குள் எஃகுப் புரி ஒன்று வெண்கலச் சக்கரத்தைத் திருப்புகிறது. வெண்கலம் மெல்லிய சாதி. எஃகுக்கும் அதற்கும் நடுவில் விளக்கெண்ணெய் மாதிரிக் கெட்டியாய் ஒட்டி நிற்கிற எண்ணெய் இருந்தால் அறுபது வருஷம் ஓடும். கண்டதை ஊற்றினால் அது தூளாகித்தான் தீரும்.

"சக்கரத்தையே எடுத்துக் காட்டு," என்றார் பூசியான். "தூள் பழசா இருக்கலாம். பல்லு பொய் சொல்லாது."

அச்சை இறக்கிப் பிரிக்க நடுப்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் ஆயிற்று. யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க முப்பது பேர், தூக்க ஒருத்தன் இல்லை. ஹாஜி ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி வாசலிலேயே உட்கார்ந்து, மருமகனிடம் கண்ணாடி அலமாரி எந்தச் சுவரில் வரும், விளக்கு எங்கே வரும் என்று கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நீட்டின விரலை ஸ்பேனரில் மாட்டித் திருகலாமா என்று குவைதருக்குக் கை பரபரத்தது.

வெண்கலச் சக்கரம் வெளியே வந்தது. பற்கள் பாதியாய்த் தேய்ந்து, நுனி கத்தியாகியிருந்தது. தேய்ந்த இடமெல்லாம் புதுப் பளபளப்பு. ஒரு குளிர்காலத்துத் தேய்மானம், அவ்வளவுதான். பழசு இல்லை.

"சாவி," என்றார் ஹாஜி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி.

"நீ கொடுத்த எண்ணெயைத்தான் ஊத்தினேன்."

"நான் நாப்பது வருஷம் விளக்கெண்ணெய் விக்கறவன். என் எண்ணெய் வண்டியைத் தின்னுதுன்னு சொல்றியா?"

"சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் டைம்," என்றார் பூசியான். "எதை ஊத்தினேன்னு அதுக்குள்ள காட்டணும் குவைதர். முடியலேன்னா சாவியை ஹாஜிகிட்ட கொடுத்துடு."

வீட்டுக்கு நடக்கும்போது குவைதர் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. எதை ஊற்றினான் என்று அவனுக்குத் தெரியும். தட்டில் அந்தத் தங்கத்தைப் பார்த்த நொடியிலேயே டிசம்பர் மாதத்து அந்தக் காலை நினைவுக்கு வந்துவிட்டது. தெருவில் பனி உறைந்திருந்த நாள். அன்றைக்கும் ஹாஜி வந்து, வாடகைதாரர்களை உண்ணிகளோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு, இரண்டு பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் குளிரில் விளக்கெண்ணெய் தேன் மாதிரி, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்க வேண்டும். அது தண்ணீர் மாதிரி இறங்கியது. கை நின்றது. முப்பது வருஷக் கை, அதற்குத் தெரியாமலா போகும்? பிறகு அவன் அச்சைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"அவன் வண்டி, அவன் எண்ணெய். நாசமாப் போகட்டும்."

சொல்லிவிட்டு, அச்சு நிரம்பும் வரை ஊற்றி மூடியை இறுக்கினான்.

மனைவி யமீனா சோற்றை, அதாவது நேற்றைய குஸ்குஸைச் சூடாக்கி வைத்திருந்தாள். செய்தி அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. தெருவில் ஒருவன் தும்மினால் மறுகோடியில் 'அல்லாஹ் கிருபை செய்யட்டும்' என்று சொல்லுகிற ஊர்.

"சாப்பிடு மனுஷா. பசியோட சண்டை போட்டா தோத்துடுவே."

"அவன் கொடுத்த எண்ணெய் கலப்படம் யமீனா. எனக்குத் தெரியும். காட்ட வழியில்ல. ஊத்தினதெல்லாம் கறுப்பாயிடுச்சு."

"எது, நீ மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தியே, அந்த எண்ணெயா?"

குவைதர் கரண்டியைக் கீழே வைத்தான். பின்னச்சுக்கு ஒரு பாட்டிலும் கொஞ்சமும்தான் பிடிக்கும். மிச்சம் மெக்கானிக்கு. அது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். கொண்டுவந்து இவளிடம்தான் கொடுத்தான், தலைக்குத் தேய்க்க.

"தீர்ந்துடுச்சா?"

"தேய்ச்சாத்தானே தீரும்? ஒரு நாள் தேச்சேன். முடியில ஒட்டவே இல்ல, கழுத்து வழியா ஓடுது. அதுல உருளைக்கிழங்கு பொரிக்கலாம். பாத்ரூம் அலமாரியில கிடக்கு." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை தேச்ச எனக்கே தெரிஞ்சுது. ஊத்தின உனக்குத் தெரியலையா?"

"சோத்தைப் போடு," என்றான்.

"ஹாஜியும் அதைத்தான் கேப்பான், பாத்துக்கோ."

அஸருக்கு அரை மணி இருக்கும்போது குவைதர் பட்டறைக்குத் திரும்பினான். கையில் முக்கால் பாட்டில். ஹாஜி கடையின் பச்சை லேபிள், மேலே 'நூறு சதம் சுத்தம்' என்ற எழுத்து. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹாஜி அதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? என் எண்ணெய்! இவன் வீட்டுலேர்ந்து வருது! திருடன்னு சொன்னேனா இல்லையா?"

"மிச்சம் மெக்கானிக்குத்தான்," என்றார் பூசியான் சலிப்பாக. "உக்காரு ஹாஜி."

குவைதர் காபிக்கடையிலிருந்து மூன்று தேநீர்க் கிளாஸ் வாங்கி, வண்டியின் முன்மூடி மேல் வரிசையாக வைத்தான். பிறகு பூசியானிடம் சொன்னான். "அண்ணே, நீங்க நம்புற ஆளை அனுப்புங்க. மருந்துக்கடையில தொண்ணூறு டிகிரி ஸ்பிரிட் ஒரு பாட்டில், விளக்கெண்ணெய் சின்ன பாட்டில் ஒண்ணு. அப்புறம் ஹாஜி கடையில விளக்கெண்ணெய் ஒண்ணு. நான் போகல, நான் தொடல. நான் எதையோ கலந்துட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

"என் கடையில எதுக்கு?" என்றார் ஹாஜி.

"வியாபாரம்தானே ஹாஜி. வேண்டாங்கறியா?"

ஆள் போனான். வந்தான். குவைதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, என்ன செய்ய வேண்டுமென்று மட்டும் சொன்னான். வஹ்ரான் நகரில் அவன் முன்பு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி, ஒவ்வொரு டின்னையும் இப்படிச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பான். நல்ல விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரைந்து காணாமல் போகும். சமையல் எண்ணெய் எதுவும் கரையாது. அதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் கிடையாது.

பூசியானே செய்தார். மூன்று கிளாஸிலும் ஐந்தைந்து கரண்டி ஸ்பிரிட். முதல் கிளாஸில் மருந்துக்கடை எண்ணெய் ஒரு கரண்டி. கலக்கினார். எண்ணெய் போன இடம் தெரியவில்லை. கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரலின் ரேகை தெரிந்தது.

இரண்டாவதில் யமீனாவின் பாட்டில். கலக்கினார். மோராய் வெளுத்தது. வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, முப்பது பேரும் அப்படித்தான் பார்த்தார்கள். மெல்ல மெல்ல அடியில் மஞ்சளாய் ஒரு படலம் இறங்கி நின்றது.

"அதுல இவன் கலந்திருக்கான்!" என்றார் ஹாஜி.

பூசியான் இப்போது வாங்கிவந்த பாட்டிலின் முத்திரையை எல்லோருக்கும் காட்டி உடைத்தார். மூன்றாவது கிளாஸ். வெளுத்தது. மஞ்சள் இறங்கியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் சொல்லு என்றால் பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது.

பிறகு பின்வரிசையில் ஒருவன், "என் குழந்தைக்கு வயித்துக் கடுப்புக்கு இதைத்தானே கொடுத்தேன்," என்றான். "என் அம்மா மூட்டுக்கு மூணு வருஷமா இதைத் தேய்க்கறாங்க," என்றான் இன்னொருவன். "மூட்டு நல்லாப் பொரிஞ்சிருக்கும்," என்றது காலையில் மாமியார் என்று சொன்ன அதே குரல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜியின் முகம் சுண்ணாம்பாயிற்று. "எனக்கு டின் கொண்டுவந்து போடறவன் ஏமாத்தியிருக்கான்," என்றார்.

"மாமா, டின்னுல இருக்கறது நல்ல எண்ணெய்தானே? நாமதானே பின்கட்டுல..." என்று ஆரம்பித்த மருமகன், மாமனார் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான். விழுங்கி என்ன, வெளியே வந்தவரைக்கும் போதுமானதாக இருந்தது. சொந்த வண்டிக்குக்கூட நல்ல டின்னைத் திறக்க மனசு வராமல், அலமாரியில் இருந்த கலப்பு பாட்டிலை எடுத்துக் கொடுத்த கஞ்சத்தனம் நடுத்தெருவில் அம்மணமாய் நின்றது.

"முடிஞ்சுது," என்றார் பூசியான். "அச்சைக் கெடுத்தது ஹாஜியோட எண்ணெய். குவைதர் கை இல்ல. பட்டறை அவனோடது. எல்லாரும் போய் தொழுங்க."

குவைதருக்கு மூச்சு வந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். வன்மம் கலந்த சந்தோஷத்துக்கு இனிப்பு அதிகம். ஹாஜியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாலைந்து நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

ஆனால் ஹாஜி போகவில்லை. அவர் மூன்று கிளாஸ்களையும் பார்த்தார். வெண்கலச் சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் குவைதரின் கையைப் பார்த்தார். கெட்ட மனுஷர்தான், ஆனால் முட்டாள் இல்லை. நாற்பது வருஷம் எண்ணெயை ஊற்றி விற்ற கைக்கு, எண்ணெய் ஊற்றுகிற இன்னொரு கையைப் பற்றித் தெரியும்.

"பூசியான், ஒரே ஒரு கேள்வி. அதுக்கப்புறம் நான் போறேன்." சத்தம் போடவில்லை. "குவைதர். டிசம்பர் மாசம். தண்ணிக் குழாய் உறைஞ்சு கிடந்த குளிரு. அந்த எண்ணெய் எப்படி இறங்கிச்சு?"

தொழுகைக்குக் கிளம்பியவர்கள் நின்றார்கள்.

"சொல்லு. நீ இந்த ஊருலேயே பெரிய மெக்கானிக்கு. கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை வச்சே சொல்றவன். உன் கைக்கு அது தெரியலையா?"

தெரியலை என்று ஒரு வார்த்தை போதும். பூசியான் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, ஊர் அவன் பக்கம், டிசம்பரில் அந்தப் பட்டறைக்குள் அவனையும் அல்லாஹ்வையும் தவிர வேறு சாட்சி இல்லை. தெரியலை ஹாஜி. அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் கதவைத் திறந்து, அடியில் படுத்து, வழக்கம்போல வேலை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. கெட்டி எண்ணெய்க்கும் தண்ணி எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத கை இது என்று முப்பது பேர் முன்னால் தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அதுவும் யாரிடம்? பெல்கெய்ரிடம். அந்த ஆளுக்கு முன்னால் நான் வேலை தெரியாதவன் என்று சொல்லி ஒரு பட்டறையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா?

இதை யாரும் நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். நேர்மை இருந்தால் டிசம்பரிலேயே கையை எடுத்திருப்பான். இது வெறும் திமிர். ஆனால் அவனிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

"தெரிஞ்சுது," என்றான்.

"என்ன தெரிஞ்சுது?"

"முதல் சொட்டுலயே தெரிஞ்சுது. தண்ணியா இறங்கிச்சு. வேற எவன் வண்டியா இருந்தாலும் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். உன் வண்டிங்கறதால ஊத்தினேன்."

பூசியான் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யா குவைதர்! உன் வாயைத் தைக்க ஊசியே இல்லையா?"

"சாவி," என்றார் ஹாஜி.

குவைதர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, ஹாஜியின் கையில் வைக்காமல், அவர் காலடியில் போட்டான். அவர் குனிந்து எடுத்தார். பிறகு குவைதர் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாய்த் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். காலையில் தான் அடியில் படுத்திருந்த மற்ற வண்டியை நாலு பேரைக் கூப்பிட்டுத் தெருவுக்குத் தள்ளினான். இப்போது தூக்க ஆள் வந்தார்கள். பட்டறையில் மிச்சம் இருந்தது பச்சை வண்டி மட்டும்தான். கட்டைகளின் மேல், பின்னச்சு இல்லாமல், சக்கரம் ஒரு மூலையிலும் டிரம் ஒரு மூலையிலுமாக.

மருமகன்தான் முதலில் கவனித்தான். "மாமா, வண்டி உள்ள நிக்குதே. அலமாரி எப்படிப் போடறது?"

ஹாஜி திரும்பினார். "அச்சை மாட்டிப் பூட்டிட்டுப் போ."

"நானா?" என்றான் குவைதர், பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே. "வண்டியைக் கெடுத்த கை ஹாஜி இது. ஃபாத்திஹா ஓதியாச்சு."

அதற்கப்புறம் நடந்ததை ரொம்ப நீட்ட வேண்டியதில்லை. ஹாஜியின் கடையில் விளக்கெண்ணெய் மட்டுமல்ல, கருஞ்சீரகம்கூட யாரும் வாங்குவதில்லை. அந்த அச்சைப் பூட்டத் தெரிந்த வேறு ஆளைத் தேடி முஸ்தகானம் வரைக்கும் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து வந்த ஒருவன் மூலைமூலையாய்க் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எவன் பிரித்தானோ அவனே பூட்டட்டும் என்று தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனான். குவைதரின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. காபிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், மார்ச் மாதத்து மேட்டுக் காற்றில், மண்ணில் அட்டையை விரித்துப் படுத்து வேலை பார்க்கிறான். இருமல் பிடித்துக்கொண்டது. யமீனா அதற்கு ஒரு மருந்தும் அவனுக்கு நாலு திட்டுமாக வேளை தவறாமல் கொடுக்கிறாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் ஹாஜி காபிக்கடைக்குள் வந்தார். நேராகக் குவைதரின் மேஜைக்கு வந்து, குனிந்து, காதோரம் ஏதோ சொன்னார். பக்கத்து மேஜைக்காரனுக்குக்கூடக் கேட்கவில்லை.

குவைதர் காபியை வைத்தான்.

"கேக்கல ஹாஜி."

ஹாஜி மறுபடி குனிந்தார். "வண்டியைப் பூட்டிக் கொடு. பட்டறைக்குத் திரும்பி வந்துடு."

"இங்க யாருக்கும் கேக்கல," என்றான் குவைதர். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு கையை நீட்டி வாசலைக் காட்டினான். "அன்னிக்கு நடுத்தெருவுல நின்னு கூப்பிட்டியே, திருட்டுப் பயலேன்னு. அதே இடத்துல நின்னு, அதே குரல்ல சொல்லு."

டொமினோ காய்கள் நின்றன. ஹாஜி நிமிர்ந்தார். முக்காட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். தெருவில் இறங்கினார். நடுவில் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். காபிக்கடை மொத்தமும் கழுத்தை நீட்டியது.

அவர் வாயைத் திறக்காமல் தன் கடையைப் பார்த்து நடந்தார். குவைதர் ஆறிப்போன காபியைக் குடித்து முடித்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான்.